கொலுசுப் பட்டறையில் தாமதம் எங்கே பிறக்கிறது? தொழில் நடைமுறையின் குறைகளைக் கண்டறிவது பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, 2025 ஜூலை 13

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறைகளாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறது. அப்பாவுக்கு உடல்நலம் குறைந்ததால் இப்போது கணக்கை நான் பார்க்கிறேன். எந்த நாளில் எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய 30 கிலோ வெள்ளி வேலையில் இருக்கிறது. நாளொன்றுக்கு 3 கிலோ சரக்கு முடிந்து வெளியேறுகிறது. ஆனாலும் கடைக்காரர்கள் கேட்ட தேதியில் கொடுக்க முடிவதில்லை. பற்றவைப்பவர்கள் மெதுவாகச் செய்கிறார்கள் என்று மேஸ்திரி சொல்கிறார். கணினி மென்பொருள் வாங்கினால் எல்லாம் சீராகிவிடும் என்று ஒருவர் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். பணத்தைச் செலவழிப்பதற்கு முன் குறை எங்கே இருக்கிறது என்று நாங்களே கண்டுபிடிக்க வழி உண்டா?

2025 ஜூலை 14

நீங்கள் கொடுத்த இரண்டு எண்களிலிருந்தே மூன்றாவது எண் கிடைத்துவிடுகிறது. வேலையில் கிடக்கும் சரக்கை நாளொன்றுக்கு வெளியேறும் சரக்கால் வகுத்தால், ஒரு சரக்கு சராசரியாக எத்தனை நாள் பட்டறைக்குள் தங்குகிறது என்பது தெரியும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் இதற்குக் கணித நிரூபணம் கொடுத்தார். வங்கி வரிசைக்கும் ஆலைக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் இது ஒன்றுபோலவே பொருந்துகிறது. உங்கள் பட்டறையில் விடை பத்து நாள். இனி, வெள்ளியை உருக்குவதில் தொடங்கி, கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பற்றவைத்து, எனாமல் பூசி, மெருகு போட்டு முடிப்பது வரை ஒரு ஜோடிக் கொலுசின் மீது மனிதக் கை உண்மையாகவே படுகிற நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். அது மணிக்கணக்கில் முடிந்துவிடும். மீதி நாள்கள் முழுவதும் அந்தக் கொலுசு ஏதோ ஒரு டப்பாவிலோ, தட்டிலோ, யாரோ ஒருவருடைய வீட்டு அலமாரியிலோ காத்துக் கிடந்திருக்கிறது.

ஆகவே "யார் மெதுவாகச் செய்கிறார்கள்" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "வெள்ளி எங்கே சும்மா கிடக்கிறது" என்ற கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பற்றவைப்பவர் இப்போது செய்வதைப் போல இருமடங்கு வேகமாகச் செய்தாலும், அவருக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள காத்திருப்பு அப்படியே இருந்தால், பத்து நாளில் அரை நாள்கூடக் குறையாமல் போகலாம். 2025 ஜூலையில் வெள்ளி கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தாண்டி நின்றது; அந்த விலையில் 30 கிலோ என்பது 30 லட்சத்துக்கு மேற்பட்ட முதல். அதில் பெரும்பகுதி யாருடைய கையிலும் இல்லாமல் படுத்திருக்கிறது என்பதுதான் முதல் செய்தி.

2025 ஜூலை 14, இரவு

மேலே உள்ள கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடையிலிருந்து திரும்பி வந்த பழைய மாதிரிகளும் ஓடாத சரக்கும் அந்த 30 கிலோவுக்குள் சேர்ந்திருந்தால் அவற்றைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். ஓடுகிற சரக்குக்கும் கிடப்புச் சரக்குக்கும் ஒரே சராசரி போட்டால் எண் பொய் சொல்லும்.

2025 ஜூலை 17

எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு துண்டு அட்டையும் நூலும் போதும். புதிதாக உருக்கும் ஒரு லாட்டோடு, அதாவது சேர்ந்தே நகரும் ஒரு தொகுதிச் சரக்கோடு, ஓர் அட்டையைக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் நான்கு நேரங்களை அதில் எழுத வேண்டும்: சரக்கு அந்த இடத்துக்கு வந்த நேரம், அதில் கை வைத்த நேரம், வேலை முடிந்த நேரம், அடுத்த இடத்துக்குப் புறப்பட்ட நேரம். பெரும்பாலான பட்டறைகளில் கொடுத்த தேதியும் வாங்கிய தேதியும் மட்டுமே நோட்டில் இருக்கின்றன. அவற்றை வைத்துப் பார்த்தால் ஐந்து நாள் பற்றவைப்பவரிடம் இருந்தது என்று தெரியுமே தவிர, அந்த ஐந்தில் நான்கு நாள் அவர் கண்ணிகளை ஒட்டவைக்கும் பற்றுப்பொடிக்காகக் காத்திருந்தாரா, கண்ணி அளவு பற்றிய சந்தேகத்துக்கு மேஸ்திரி பதில் சொல்வதற்காகக் காத்திருந்தாரா என்பது தெரியாது. வந்த நேரத்துக்கும் கை வைத்த நேரத்துக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தில்தான் குறை ஒளிந்திருக்கிறது.

அட்டையை மேஸ்திரி எழுதக் கூடாது; வேலை செய்பவரே எழுத வேண்டும். எழுதப் பழக்கமில்லாதவருக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் உதவலாம். இந்த அட்டையில் உள்ள எந்த நேரத்தையும் காட்டி யாருடைய கூலியிலும் கை வைக்க மாட்டோம் என்பதை உங்கள் அப்பாவே எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சொல் கொடுக்கப்படாத இடத்தில் எழுதப்படும் நேரங்கள் எல்லாம் அழகாக இருக்கும், ஒன்றும் பயன்படாது.

2025 ஜூலை 20

கைமாற்றங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் ஆத்தூர் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் உற்பத்திக் கணக்குப் பார்த்த காலத்தில் கண்டதை எழுதுகிறேன்.

மரவள்ளிக் கிழங்கு லாரியில் வந்ததும் ஒரு மாதிரி எடுத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். விலை அந்தப் பாயிண்டுக்குத்தான். அந்தப் பருவத்தில் ஒரே பாயிண்ட் கிழங்குக்கு முந்தைய ஆண்டைவிடக் குறைவான மூட்டை ஜவ்வரிசி கிடைத்தது. அரைக்கும் இயந்திரத்தின் பல் தேய்ந்துவிட்டது, அதனால் மாவு திப்பியோடு (மாவு பிழிந்த சக்கையோடு) போகிறது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். முதலாளி இயந்திரத்தை மாற்றினார். மூட்டைக் கணக்கு மாறவில்லை. திப்பியில் தங்கும் மாவும் ஏறக்குறைய முன்பிருந்த அளவிலேயே இருந்தது.

பிறகு எடைமேடைச் சீட்டையும் அரவைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், பிற்பகலுக்கு மேல் வந்த லாரிகள் மறுநாள் முற்பகல் வரை ஆலை வாசலிலேயே நின்றிருந்தது புலப்பட்டது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய பிறகு பொறுமையாக இருக்கும் பண்டம் அன்று. இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்புக் கோடுகள் ஓடத் தொடங்கிவிடும், மாவுச்சத்தும் இறங்கும். காட்டில் ஒரு நாள், வழியில் ஒரு பொழுது, வாசலில் ஓர் இரவு என்று சேர்ந்தால் அரைக்கும் இயந்திரம் என்ன செய்யும்? லாரி ஏன் நின்றது என்று கேட்டோம். மாதிரி எடுத்து விலை முடியவில்லை என்றார்கள். ஏன் முடியவில்லை? ஒரு குறிப்பிட்ட பாயிண்டுக்குக் கீழே வந்த கிழங்குக்கு விலை சொல்லும் அதிகாரம் முதலாளிக்கு மட்டுமே இருந்தது. அவர் மாலையில் ஏன் வருவதில்லை? அந்த நேரத்தில் ஜவ்வரிசி விற்பனை வேலையாக அவர் சேலத்தில் இருப்பார்.

ஆக, மூட்டை குறைந்ததற்குக் காரணம் இயந்திரக் கூடத்தில் இல்லை. விலை சொல்லும் ஒரு சொல்லுக்காக லாரி காத்திருந்ததில் இருந்தது. பாயிண்டுக்கு இவ்வளவு என்று ஒரு விலைப்பட்டியலைக் காலையிலேயே எழுதி எடைமேடை எழுத்தரிடம் கொடுப்பது என்று முதலாளி ஒப்புக்கொண்டார். அந்த ஏற்பாட்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. எழுத்தர் ஏமாற்றிவிடுவாரே என்ற அச்சம் அவருக்கு இருந்தது. வாரத்துக்குச் சில லாரிகளை முன்னறிவிப்பின்றி மறுமாதிரி எடுத்துப் பார்ப்பது என்ற ஏற்பாட்டில் அது அடங்கியது.

"ஏன்" என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போகும் இந்த முறையை டொயோட்டா நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ ஐந்து முறை கேட்கும் வழக்கமாக நிலைநிறுத்தினார். ஐந்து என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு மனிதரின் பெயரில் போய் நின்றுவிடாமல் ஒரு விதியிலோ ஏற்பாட்டிலோ போய் நிற்கும் வரை கேட்க வேண்டும் என்பதே அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

2025 ஜூலை 21

ராசிபுரத்திலிருந்து எழுதும் நண்பர், "அரவை வேகமானால் எல்லாமே வேகமாகும், இயந்திரத்தை மாற்றியது வீண் அன்று" என்கிறார். அவருடைய ஆலையில் உலர்களம் போதுமானதாக இருந்தால் அவர் சொல்வது சரி. பெரும்பாலான ஆலைகளில் கட்டுப்படுத்துவது களமும் வெயிலும்தான். களம் ஒரு நாளைக்கு எவ்வளவு ஈர ஜவ்வரிசியைக் காயவைக்குமோ அவ்வளவுதான் ஆலையின் வேகம். அரவையை மட்டும் கூட்டினால் மாவுப்பால் தெளியும் தொட்டிகள் நிரம்பும். தொட்டியில் அதிக நேரம் கிடக்கும் மாவு புளிக்கும், வெண்மை குறையும், சேலம் ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வின் ஏலத்தில் விலை இறங்கும். மிகக் குறுகலான இடம் எது என்று தெரியாமல் வேறு எந்த இடத்தை அகலப்படுத்தினாலும் அது குவியலைத்தான் வளர்க்கும். கொலுசுப் பட்டறையிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: எந்த இருக்கைக்கு முன்னால் டப்பாக்கள் சேர்கின்றன, எந்த இருக்கைக்காரர் அடிக்கடி வேலையில்லாமல் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்? குவியலுக்குப் பின்னால் இருப்பவர் குறுகல். தேநீர் குடிப்பவர் அந்தக் குறுகலால் பட்டினி கிடப்பவர். அவரைச் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம்.

2025 ஜூலை 27

தாமதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது சேதாரக் கணக்கை அனுப்பி, "எங்களுக்குச் சேதாரமே கிடையாது, சில லாட்டுகளில் எடை கூடித்தான் வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. எடையை மட்டும் பார்த்து, டச்சை, அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு தூய வெள்ளி என்ற அளவை, பார்க்காமல் கணக்கு முடிப்பதுதான் உங்கள் நடைமுறையின் மிகப் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

எடுத்துக்காட்டாக, 80 டச் கம்பி 1000 கிராம் கொடுக்கிறீர்கள். அதில் தூய வெள்ளி 800 கிராம். பற்றவைக்க 50 டச் பற்றுப்பொடி 40 கிராம் போகிறது. அதில் தூய வெள்ளி 20 கிராம். உள்ளே போனது மொத்தம் 1040 கிராம் எடை, 820 கிராம் தூய வெள்ளி. முடிந்த சரக்கு 1030 கிராம் வருகிறது. கம்பியை மட்டும் நினைவில் வைத்திருப்பவருக்கு 30 கிராம் லாபம் போலத் தெரியும். பொடியையும் சேர்த்துக்கொள்பவருக்கு 10 கிராம் சேதாரம், ஏறக்குறைய ஒரு சதவீதம். ஆனால் அந்தச் சரக்கின் டச் 78 என்று வந்தால் தூய வெள்ளி 803.4 கிராம்தான் இருக்கிறது. குறைந்தது 16.6 கிராம், இரண்டு சதவீதம். ஒரே லாட்டுக்கு மூன்று கணக்கு, மூன்று முடிவு. மூன்றாவதே உங்கள் பணம்.

இப்படிக் குறைந்ததெல்லாம் திருட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அரத்தூளும், தரையில் பெருக்கிய மண்ணும், கழுவிய நீரும், மெருகுச் சக்கரத்தில் ஒட்டிய துகளும் வெள்ளியைச் சுமந்து போகின்றன. அவற்றை ஒவ்வோர் இருக்கைக்கும் தனித்தனியாகச் சேர்த்து எடுக்கிறீர்களா, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி ஆண்டுக்கு ஒருமுறை மண் வாங்குபவருக்குக் கொடுக்கிறீர்களா? ஒரே மூட்டை என்றால் எந்த வேலையில் எவ்வளவு போகிறது என்பது யாருக்கும் எப்போதும் தெரியாது. பொடியின் டச்சையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். 50 என்று சொல்லி வாங்கியது 50தானா என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 2

சேதாரத்தை லாட் வாரியாக எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்பதில் மகிழ்ச்சி. ஆனால் நேற்று ஒரு லாட்டில் கொஞ்சம் கூடியதற்காக அந்த வேலையாளைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறீர்கள். அவசரம் வேண்டாம். எந்த வேலையிலும் ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் இடையில் இயல்பான ஏற்ற இறக்கம் இருக்கும். அமெரிக்காவில் பெல் தொலைபேசிக் குழுமத்தில் பணியாற்றிய வால்ட்டர் ஷூஹார்ட் 1924இல் ஒரு பக்க அளவிலான குறிப்பில் ஒரு வரைபடத்தைக் கொடுத்தார்: இயல்பான ஏற்ற இறக்கம் எது, புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று காட்டும் விலகல் எது என்பதை எல்லைக்கோடுகளால் பிரிக்கும் படம் அது. நூறாண்டு கடந்தும் ஆலைகளில் அது பயன்படுகிறது. நீங்கள் இருபது முப்பது லாட்டுகளின் சேதாரத்தைக் கட்டம் போட்ட தாளில் புள்ளிகளாகக் குறித்துவிட்டுப் பாருங்கள். புள்ளிகள் ஒரு பட்டைக்குள் ஏறி இறங்கினால் தனி ஆளை விசாரிப்பதில் பொருளில்லை. பட்டை முழுவதையும் கீழே இறக்க முறையைத்தான் மாற்ற வேண்டும். ஒரு புள்ளி பட்டையை விட்டு வெகுதூரம் வெளியே போனால் அன்றே, அந்த இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். எண்ணெய் மாறியதா, புதுப் பொடியா, புதிய ஆளா என்ற நினைவு இரண்டு நாளில் கலைந்துவிடும்.

2025 ஆகஸ்ட் 3

கண்காணிப்புக் கேமரா வைக்கலாமா என்ற கேள்விக்கு: பாதுகாப்புக்கு வையுங்கள், குறை தேடுவதற்கு வைக்காதீர்கள். சரக்கு ஏன் காத்திருக்கிறது என்பதைக் கேமரா சொல்லாது.

2025 ஆகஸ்ட் 9

"இதெல்லாம் ஜப்பான்காரருக்குச் சரி, நம் ஊருக்கு ஒத்துவராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே மறுப்புச் சொல்ல விரும்புகிறேன். சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல், தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அந்தப் பரிசை முதலில் பெற்றது ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சாலை. அங்கே மாற்றத்தைச் செய்தவர்கள் நம்மைப் போன்றவர்களே.

டொயோட்டாவின் வேரும் தறியில்தான் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் விசைத்தறிக் கூடத்தில் நின்றிருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்: இழை அறுந்ததைக் கவனிக்காமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால், பழுதுள்ள துணிதான் வேகமாக நீண்டுகொண்டு போகும். குறை தோன்றிய நொடியிலேயே வேலை நிற்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் கார் ஆலைக்குப் போனது. உங்கள் பட்டறையில் கண்ணி ஒன்று சரியாகப் பிடிக்காமல் பற்றவைப்பைத் தாண்டிப் போனால், எனாமல் பூசி மெருகும் போட்ட பிறகு கடைசிச் சோதனையில்தான் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்போது திருத்தினால் எனாமல் கருகும், மறுபடி பூச வேண்டும், மறுபடி மெருகு. பற்றவைத்தவரே இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பது என்ற ஏற்பாடு ஒன்றே போதும். அந்தச் சில நொடிகளுக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். துண்டுக் கூலியில் சோதிக்கும் நேரத்துக்குக் காசு இல்லை என்றால் சோதனை நடக்காது. அதில் அவருடைய தவறு ஒன்றும் இல்லை, கூலி முறை அவரிடம் கேட்பதை அவர் செய்கிறார்.

2025 ஆகஸ்ட் 17

அட்டைகள் வந்துவிட்டன, நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பியதைப் பொறுமையாகப் படித்தேன். பற்றவைப்பவரிடம் சரக்கு தங்குவது சராசரியாக ஒரு நாள்தான். அதிகமாகத் தங்குவது பற்றவைப்புக்கும் எனாமலுக்கும் இடையில். எனாமல் பூசித் தரும் சிவதாபுரத்து வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டுமே சரக்கு எடுக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை முடிந்த லாட் செவ்வாய்க்கிழமை வரை உங்கள் அலமாரியில் தூங்குகிறது. அங்கே போன பிறகும், எந்த மாதிரிக்கு எந்த நிறம் என்று கேட்டுத் தொலைபேசியில் அழைத்து, மேஸ்திரி கிடைக்காமல், மறுநாள் பதில் பெற்றதாக மூன்று அட்டைகளில் இருக்கிறது. எனாமல்காரர் ஏன் வாரம் இருமுறை மட்டும் எடுக்கிறார் என்று கேட்டதில், சிறு சிறு லாட்டாகக் கொண்டுவந்தால் எடைபோட்டுச் சீட்டு எழுதவே நேரம் போய்விடுகிறது என்று அவர் சொன்னது நியாயமான பதில். எனவே அவரை வற்புறுத்துவதற்கு முன் சீட்டு எழுதும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எடையும், ஜோடி எண்ணிக்கையும், நிறமும் எழுதிய அட்டை சரக்கோடு போகட்டும். அவர் சரிபார்த்துக் கையெழுத்து மட்டும் போடட்டும். அப்படியானால் தினமும் எடுக்க அவர் சம்மதிக்கக் கூடும்.

மென்பொருள் பற்றி இனித்தான் பேசலாம். நிறம் எழுதாத சீட்டைக் கணினியில் ஏற்றினால், நிறம் எழுதாத சீட்டு கணினியில் இருக்கும். அட்டை முறை சில மாதம் நிலைத்து, எந்தெந்தத் தகவல் எந்தக் கையில் தேவை என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

2025 ஆகஸ்ட் 24

ஜூலை 17 குறிப்பில் ஒரு லாட்டைப் பின்தொடரச் சொன்னேன். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அட்டை கட்டிய லாட்டை எல்லோரும் கவனமாக நகர்த்துவார்கள். அது வழக்கத்தைவிட வேகமாகவே போகும். ஆகவே முடிந்துபோன பழைய ஆர்டர்களில் மிகவும் தாமதமானவை சிலவற்றை எடுத்து, கடைக்காரருக்குக் கொடுத்த நாளிலிருந்து பின்னோக்கி நோட்டில் நடந்து பாருங்கள். முன்னோக்கிப் பார்க்கும் அட்டையும் பின்னோக்கிப் பார்க்கும் நோட்டும் ஒரே இடத்தைக் காட்டினால் அந்த இடத்தை நம்பலாம்.

ஆர்டர் தொடங்குவது உருக்கும் உலையில் அல்ல, முடிவது கடைக்காரர் கையிலும் அல்ல என்பதையும் கவனியுங்கள். கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்ன ஆர்டர் எத்தனை நாள் கழித்து நோட்டில் ஏறுகிறது, கொடுத்த சரக்குக்குப் பணம் எப்போது வருகிறது என்பவையும் இதே நடைமுறையின் இரு முனைகள். குறு, சிறு நிறுவனமாக அரசின் உத்யம் பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி வாங்குபவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டி உண்டு. நம் தொழிலில் முகத்துக்காக இதை யாரும் பேசுவதில்லை என்பது தெரியும். சட்டத்தைக் காட்டச் சொல்லவில்லை. சரக்கோடு பில்லும் போக வேண்டும், பில்லில் தேதி இருக்க வேண்டும், அந்தத் தேதிக்கு ஒரு நினைவூட்டல் போக வேண்டும் என்ற மூன்றையும் செய்யுங்கள் என்கிறேன். சரக்கு போன பிறகு நிதானமாக பில் எழுதும் வழக்கம் உங்கள் நோட்டிலேயே தெரிகிறது.

2025 செப்டம்பர் 7

எனாமல்காரர் தினமும் எடுக்கச் சம்மதித்துவிட்டார் என்றும், வேலையில் கிடக்கும் சரக்கு 22 கிலோவுக்கு இறங்கிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெளியேறுவது அதே 3 கிலோ என்றால், தங்கல் ஏழு நாள் சொச்சம். இப்போது மெருகு இருக்கைக்கு முன்னால் டப்பாக்கள் சேர்வதாகவும், இன்னொரு மெருகுச் சக்கரம் வாங்கலாமா என்றும் கேட்கிறீர்கள். சேர்வது இயல்புதான், முன்பு எனாமலில் அடைபட்டிருந்தது இப்போது அங்கே வந்து நிற்கிறது. சக்கரம் வாங்குவதற்கு முன் மெருகுக்காரரின் ஒரு நாளை அட்டையில் எழுதிப் பாருங்கள். சக்கரம் ஓடும் நேரம் எவ்வளவு, சரக்கைக் கழுவிக் காயவைக்கும் நேரம் எவ்வளவு, எடை போடுவதற்காக மேஸ்திரிக்குக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று பிரியட்டும். கழுவுவதும் எடை போடுவதும் வேறொருவரால் ஆகக்கூடியவை என்றால் இருக்கும் சக்கரமே போதும்.

தீபாவளி அக்டோபர் 20இல் வருகிறது; ஆர்டர் குவியும் இந்த ஆறு வாரத்தில் மெருகு இருக்கையைத் தவிர வேறு எதையும் மாற்ற வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும். அட்டைகளை மட்டும் விடாமல் எழுதிக்கொண்டே இருங்கள், டச் கணக்கையும் சேர்த்து. நவம்பரில் அவற்றை அனுப்பினால் உருக்கும் இடத்தைப் பற்றிப் பேசலாம். ஒரே நாளில் வாரத்துக்கான வெள்ளி முழுவதையும் உருக்கிவிடும் உங்கள் வழக்கம் குவியலுக்கு எவ்வளவு காரணம் என்பதை அந்த அட்டைகளைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம்.